இப்போது 31, இன்றைய அதிகபட்சம் 29

மாலை ஐந்தரை மணி. கூடத்துச் சுவரில் நான் மாட்டி வைத்திருந்த சின்ன வானிலைத் திரையின் முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, இப்போ 31னு காட்டுது. அதுக்குக் கீழேயே இன்னைக்கு அதிகபட்சம் 29னு போட்டிருக்கு. இப்பவே 31 இருக்கே, அப்புறம் எப்படி அதிகபட்சம் 29 ஆகும்?"

என்னிடம் பதில் இல்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். அம்மா சொன்னது போலவேதான் இருந்தது. திரையை மாட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளும் பெரிய எழுத்தில் இருந்த இப்போதைய வெப்பநிலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், கீழே இருந்த இரண்டு எண்களைச் சரிபார்க்கத் தோன்றவே இல்லை. அன்று இரவு லேப்டாப்பைத் திறந்தேன். அந்த இரண்டு எண்களையும் ஒழுங்குக்குக் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. வழியில் எழுதி வைத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்திருக்கிறேன். இதே போல ஒரு திரையோ செயலியோ செய்கிறவர்களுக்கு நிச்சயம் உதவும்.

கருவி எளிமையானதுதான். இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சின்னக் கணினிப் போர்டு ஒன்று, 4.2 அங்குல கறுப்பு வெள்ளை ஈ-பேப்பர் திரை, ஜன்னலுக்கு வெளியே ஒயரில் தொங்கும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார். போர்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழிக்கும். சென்சாரைப் படிக்கும். வைஃபை வழியாக ஒரு இலவச வானிலைச் சேவையிடம் முன்னறிவிப்பை வாங்கும். திரையை வரைந்துவிட்டு மறுபடியும் தூங்கிவிடும். ஈ-பேப்பர் கடைசியாக வரைந்ததை மின்சாரமே இல்லாமல் தாங்கிக்கொண்டிருக்கும் என்பதால் பேட்டரி பல வாரம் வரும்.

பெயரைப் பார்த்து நம்பியது

சேவை அனுப்பும் பதிலில் 'இப்போதைய வானிலை' என்ற பகுதிக்குள் மூன்று எண்கள் இருந்தன. ஒன்று வெப்பநிலை. இன்னொன்றின் பெயரில் 'மின்' (மினிமம்), மற்றொன்றின் பெயரில் 'மேக்ஸ்' (மேக்ஸிமம்). அவைதான் அன்றைய குறைந்தபட்சமும் அதிகபட்சமும் என்று எடுத்துத் திரையில் போட்டுவிட்டேன். இப்போதைய வெப்பநிலை மட்டும் என் சென்சாரிலிருந்து வந்தது.

நான்கு நாள் பதிவை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்த 'மேக்ஸ்' மணிக்கு மணி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளின் அதிகபட்சம் ஏறலாம், ஆனால் இறங்க வழியே இல்லை. அப்படியென்றால் அது நாளின் அதிகபட்சமே அல்ல. சேவையின் விளக்கப் பக்கத்தை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். ஒரு பெரிய நகரத்தின் வெவ்வேறு பகுதிகளில் இந்த நொடியில் உள்ள வெப்பநிலைகளில் எது கூடுதல், எது குறைவு என்பதைச் சொல்லும் எண்கள் அவை. சின்ன இடமாக இருந்தால் மூன்று எண்ணும் ஒன்றாகவே வரும். அன்று மாலை அவர்கள் கணக்கில் 29, என் சென்சாரில் 31. அம்மா கேட்ட கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

சரி, அந்தப் பகுதியை விட்டுவிட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண் வரும் முன்னறிவிப்புப் பட்டியலை எடுத்தேன். இன்றைய தேதியுள்ள வரிகளில் பெரியது அதிகபட்சம், சிறியது குறைந்தபட்சம். மறுநாள் காலையில் 34, 25 என்று அழகாக வந்தது. மாலையில் பார்த்தால் அதிகபட்சம் 28. முதல் நாளைவிட மோசம்.

காரணம் இதுதான். முன்னறிவிப்புப் பட்டியல் எப்போதும் இனி வரப்போகும் நேரத்தை மட்டும் சொல்லும். மாலை ஐந்தரைக்குக் கேட்டால், அன்றைய தேதியில் மிச்சம் இருப்பது இரவு எட்டரையும் பதினொன்றரையும்தான். அந்த இரண்டில் எது பெரியது என்று என் கோட் (நிரல்) சரியாகவே கண்டுபிடித்துச் சொன்னது. மதியம் அடித்த வெயில் அதன் பார்வையிலேயே இல்லை. மாலையில் 'இன்றைய அதிகபட்சம்' என்பது முன்னறிவிப்பு கிடையாது, நடந்து முடிந்த செய்தி. அதை யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டும். சில செயலிகள் மதியம் தாண்டியதும் அதிகபட்சம் இருக்கும் இடத்தில் வெறும் இரண்டு கோடு போட்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் அதைப் பழுது என்று நினைப்பேன். இப்போது அதன் மேல் எனக்கு மரியாதை. கடந்துபோன பகலை முன்னறிவிக்க முடியாது என்று அந்தக் கோடு நேர்மையாகச் சொல்கிறது.

எனக்குச் சென்சார் இருக்கிறது. அதனால் வெறும் கோடு போடுவதைவிட நல்ல வழி இருந்தது. நள்ளிரவிலிருந்து இதுவரை சென்சார் பார்த்த பெரிய எண், இனி வரப்போகும் மணிகளுக்கான முன்னறிவிப்பில் உள்ள பெரிய எண், இரண்டில் எது கூடுதலோ அதுதான் இன்றைய அதிகபட்சம். குறைந்தபட்சத்துக்கும் இதே கணக்கு. காலையில் அந்த எண் முழுக்க முன்னறிவிப்பு, மாலையில் முழுக்கப் பதிவு, நடுவில் இரண்டும் கலந்தது. திரை வரையும் முன் ஒரு சோதனையையும் சேர்த்தேன்: குறைந்தபட்சம் இப்போதையதைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது, இப்போதையது அதிகபட்சத்தைத் தாண்டக் கூடாது. இந்த ஒரு வரிச் சோதனையை முதல் நாளே எழுதியிருந்தால் அம்மா கேட்பதற்கு முன் போர்டே என்னைக் கேட்டிருக்கும்.

மூன்று மணி நேர இடைவெளியிலும் ஒரு சின்ன நஷ்டம் உண்டு. பதினொன்றரைக்கு 32.8, இரண்டரைக்கு 33.4 என்று பட்டியல் சொல்லும். உண்மையான உச்சம் நடுவில் ஒன்றே முக்கால் மணிக்கு 34.2 வரை போய்விட்டு இறங்கியிருக்கும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே மலை இருந்தாலும் புள்ளிகளுக்கு அது தெரியாது. பிறகு மணிக்கு ஒரு எண் தரும் சேவைக்கு மாறினேன், அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்தது.

நினைவில் வைப்பது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். இஎஸ்பி32 ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய் எழும்போது சாதாரண மாறிகளில் இருந்த எல்லாம் அழிந்துவிடும். ஆர்டிசி நினைவகம் என்று ஒரு சின்னப் பகுதி மட்டும் தூக்கத்தைத் தாண்டி நிற்கும், ஆனால் பேட்டரியைக் கழற்றினால் அதுவும் போய்விடும். அதனால் எண் மாறும்போது மட்டும், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி வைக்கிறேன். தொடக்க மதிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் 0 என்று வைத்துத் தொடங்கினால், வெப்பமான இடத்தில் குறைந்தபட்சம் என்றைக்கும் 0 ஆகவே நிற்கும். குளிர்ப் பிரதேசத்தில் அதிகபட்சம் அப்படி நிற்கும். நாளின் முதல் அளவையே இரண்டுக்கும் தொடக்கமாக வைப்பதுதான் சரி.

நாள் எப்போது தொடங்குகிறது

இந்தக் கேள்விக்குத்தான் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் போனது. சலிக்கவில்லை. இரண்டு எண்களுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியமாகவே இருந்தது.

முதல் பதிப்பில் நேர வலயமே சொல்லவில்லை. சேவையும் போர்டும் யூடிசி, அதாவது கிரீன்விச் நேரத்தில் நாளை வெட்டின. உள்ளூர் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருந்தால், யூடிசி நாள் தொடங்குவது விடியற்காலை 5:30 மணிக்கு. ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரம் எது? நள்ளிரவு என்று பலர் நினைப்பார்கள். நிலம் இரவு முழுக்க வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. சூரியன் எழுந்த பிறகும், வரும் வெப்பம் போகும் வெப்பத்தை ஈடுகட்டும் வரை குளிர்ச்சி தொடரும். அதனால் வானம் தெளிவாக உள்ள நாட்களில் வெப்பநிலை மிகவும் இறங்குவது சூரிய உதயத்தை ஒட்டி, பெரும்பாலும் அதற்குச் சற்றுப் பிறகு. ஆக, என் கோட் நாளை வெட்டிய இடம் சரியாக அந்தப் பள்ளத்தின் நடுவில் விழுந்தது.

விளைவு விநோதமாக இருந்தது. ஒரு விடியலில் 5:20க்கு 23.1, 6:10க்கு 22.8. முதலாவது நேற்றைய கணக்கில் சேர்ந்தது, இரண்டாவது இன்றைய கணக்கில். குளிர்ந்த விடியல் ஒன்றுதான், குளிர்ந்த நாட்கள் இரண்டு என்று பதிவானது. மறுநாள் விடியல் 25 வரைதான் இறங்கியது, ஆனால் அதற்கு முந்தைய நாளின் 22.8 அப்படியே நின்றது. வாரக் கணக்கைப் பார்த்தால் உண்மையில் இருந்ததைவிடக் குளிரான வாரமாகத் தெரிந்தது.

நேர வலயத்தைச் சேர்த்தேன். ப்ளஸ் 5:30 என்று கொடுத்தேன். மறுநாள் மதியம் ஒரு மணிக்குத் திரை சொன்னது: அதிகபட்சம் 33, குறைந்தபட்சம் 31. காலையில் 25 இருந்ததை நானே பார்த்தேன், அது எங்கே போனது? போர்டின் கடிகாரத்தை அச்சிட்டுப் பார்த்தால் பதினொரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. போர்டில் நேர வலயத்தை எழுதும் முறை யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் மரபிலிருந்து வந்தது. அதில் உள்ள எண், உள்ளூர் நேரத்தோடு எவ்வளவு கூட்டினால் யூடிசி வரும் என்பதைக் குறிக்கும். கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருந்தால் மைனஸ் போட வேண்டும். நான் ப்ளஸ் போட்டதால் ஐந்தரை மணி முன்னே போக வேண்டிய கடிகாரம் ஐந்தரை மணி பின்னே போய்விட்டது. அதன் நள்ளிரவு எங்கள் பகல் பதினொரு மணிக்கு வந்தது. அப்போது பழைய எண்களை அழித்துவிட்டுப் புதிய நாளைத் தொடங்கியிருக்கிறது.

குறியைத் திருப்பியதும் நள்ளிரவு நள்ளிரவுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தத் தவறு ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனது. பகல் பதினொன்றிலிருந்து மறுநாள் பதினொன்று வரை ஒரு நாள் என்று வைத்தால், அதற்குள் வருவது இன்று மதியத்தின் உச்சமும் அதைத் தொடர்ந்து வரும் இரவின் பள்ளமும். அப்போதுதான் அம்மா முந்தின வாரம் கேட்டது மறுபடி ஞாபகம் வந்தது. "இந்த 25ங்கிறது விடிகாலைல போயிருச்சே அதுவா, இல்ல இன்னைக்கு ராத்திரி வரப்போறதா? ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் படுக்கலாமான்னு தெரியணும்."

நாட்காட்டிப்படி வெட்டினால், 'இன்றைய குறைந்தபட்சம்' என்பது பெரும்பாலும் இன்று விடியலில் முடிந்துபோன ஒன்று. இன்று இரவு எவ்வளவு குளிரும் என்று தெரிய வேண்டுமானால் நாளைய வரிசையில் உள்ள குறைந்தபட்சத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த இரவின் குளிர்ந்த நேரம் நாளைய தேதியில்தான் வரும். செயலியைத் திறந்து இன்றைய வரிசையில் 34, 25 என்று பார்க்கும் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? எனக்கு அதுவரை தெரியாது.

எல்லோரும் ஒரே மாதிரி வெட்டுவதும் இல்லை. அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் பொது முன்னறிவிப்பு பகல், இரவு என்று அரை நாளாகப் போகும். பகலுக்கு ஒரு உச்சம், இரவுக்கு ஒரு தாழ்வு. அங்கே 'இன்றிரவு' என்று தனியாக எழுதியிருப்பதால் அம்மாவின் குழப்பம் எழாது. பிரிட்டனின் காலநிலைப் பதிவுகளில் வெட்டு காலை 9 மணி யூடிசியில் விழுகிறது. அப்போது படிக்கும் குறைந்தபட்சம் அன்றைய தேதிக்குச் சேரும், அதிகபட்சம் முந்தைய நாள் கணக்கில் எழுதப்படும். நள்ளிரவுக்கு நள்ளிரவு வெட்டும் சேவைகளும் உண்டு. நள்ளிரவு கடந்ததும் குளிர்காற்று புகுந்து நாள் முழுக்க வெப்பம் இறங்கிக்கொண்டே போனால், அப்படி வெட்டும் சேவையில் அன்றைய அதிகபட்சம் இரவு பன்னிரண்டு மணிக்குரியதாக இருக்கும். பகலில் வெளியே போகிறவருக்கு அந்த எண் எதற்கும் உதவாது. இரண்டு செயலிகள் ஒரே ஊருக்கு வேறு வேறு எண் காட்டினால், ஒன்று தப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அவை வெட்டும் இடம் வேறாக இருக்கலாம்.

கோடைகால நேரமாற்றம் உள்ள நாடுகளில் வருடத்தில் ஒரு நாளுக்கு 23 மணி, ஒரு நாளுக்கு 25 மணி. 86,400 வினாடி கூட்டினால் நாளை வந்துவிடும் என்று கோட் எழுதாதீர்கள். தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

காந்தத்தால் நாளைத் தொடங்கியவர்கள்

இந்தச் சிக்கல் கணினியோடு வந்தது என்று நினைத்தேன். இல்லை. 1780இல் ஜேம்ஸ் சிக்ஸ் என்ற ஆங்கிலேயர், அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தானே நினைவில் வைக்கும் வெப்பமானி ஒன்றை உருவாக்கினார். யூ வடிவக் கண்ணாடிக் குழாய், உள்ளே ஆல்கஹாலும் பாதரசமும். சூடானால் பாதரசம் ஒரு பக்கம் ஏறி ஒரு குட்டி எஃகுத் துண்டை மேலே தள்ளும். குளிர்ந்தால் மறுபக்கம் ஏறி இன்னொரு துண்டைத் தள்ளும். பாதரசம் இறங்கினாலும் துண்டு போன இடத்திலேயே நிற்கும். படித்து எழுதிக்கொண்டு, காந்தத்தை வைத்துத் துண்டுகளைக் கீழே இழுத்துப் பாதரசத்தோடு சேர்த்துவிட்டால் புதிய நாள் தொடங்கும். தோட்டங்களில் இந்த வகை இன்றும் பயன்படுகிறது. என் கோட்டில் இருக்கும் இரண்டு மாறிகளும் அந்த இரண்டு எஃகுத் துண்டுகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அந்தக் காந்தத்தை எப்போது இழுப்பது என்பதில்தான் சங்கதி. மாலை ஐந்து மணிக்கு இழுப்பவர் ஒருவர் என்று வையுங்கள். இன்று கடும் வெயில், ஐந்து மணிக்கும் 37 இருக்கிறது. துண்டை இழுத்தால் அது 37இல்தான் வந்து நிற்கும். நாளை மழை, வெப்பம் 31ஐத் தாண்டவில்லை. ஆனாலும் நாளை மாலை அவர் படிக்கும் அதிகபட்சம் 37. ஒரே வெயிலை இரண்டு நாள் எண்ணிவிட்டார். காலையில் இழுப்பவருக்கு இதே விபத்து குளிர்ந்த விடியலில் நடக்கும். அமெரிக்காவில் தன்னார்வப் பதிவாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் ஓட்டத்தில் மாலைப் பதிவிலிருந்து காலைப் பதிவுக்கு மெல்ல மெல்ல மாறினார்கள். வெப்பம் மாறாமலே பதிவுகள் குளிர்வது போல் தோன்றியதால், நீண்டகாலக் கணக்கு போடும் விஞ்ஞானிகள் அந்த நேர வேறுபாட்டுக்குத் தனியாகத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. என் யூடிசி பிழையும் அதே ரகம். இதைப் படித்த இரவு எனக்கு ஒரு நிறைவு. நான் தடுக்கி விழுந்த கல்லில் இருநூறு வருடமாக ஆட்கள் தடுக்கியிருக்கிறார்கள், அதைச் சுற்றி வழியும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

85 டிகிரி

இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, அதிகபட்சம் 85 என்று திரை காட்டியது. நாள் முழுக்க அப்படியே நின்றது.

டிஎஸ்18பி20 சென்சாருக்கு மின்சாரம் வந்ததும் அதன் உள்ளே இருக்கும் தொடக்க மதிப்பு 85. வெப்பநிலையை அளந்து எண்ணாக மாற்ற அதன் முழுத் துல்லியத்தில் 750 மில்லி வினாடி வரை வேண்டும். அது முடிவதற்குள் கேட்டால், 'இன்னும் அளக்கவில்லை' என்று சொல்லாமல் 85 என்று சொல்லும். பேட்டரியை மிச்சம் பிடிக்க நான் காத்திருப்பு நேரத்தைக் குறைத்திருந்தேன். ஒயர் தளர்ந்தால் இதே சென்சாருக்கான நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) மைனஸ் 127 என்று தரும். அதுவும் ஒரு நாள் வந்தது. சால்டர் சரியாகப் பிடிக்காத ஒரு முனை, காற்றில் ஆடியபோது விட்டுவிட்டிருக்கிறது. அதை மறுபடி சால்டர் வைத்து, தரவு ஒயருக்கும் மின் ஒயருக்கும் நடுவில் இருக்க வேண்டிய 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் புதிதாக மாற்றினேன்.

அன்றுதான் ஒன்று உறைத்தது. சராசரி வெப்பநிலையில் ஒரு தப்பான அளவு நுழைந்தால் நூற்று நாற்பது நல்ல அளவுகள் சேர்ந்து அதை அமுக்கிவிடும். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் அப்படியல்ல. நாளெல்லாம் வந்த அளவுகளில் ஓரத்தில் நிற்கும் ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை, தப்பான அளவும் ஓரத்தில்தான் நிற்கும். அதனால் இப்போது ஒரு விழிப்புக்கு மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுக்கிறேன். 85 என்றோ மைனஸ் 127 என்றோ வந்தால் தூக்கிப் போடுகிறேன். பத்து நிமிடத்தில் 8 டிகிரிக்கு மேல் தாவினால் அடுத்த அளவும் ஒத்துக்கொண்டால்தான் ஏற்கிறேன். கடைசி விதியை முதலில் 4 டிகிரி என்று வைத்திருந்தேன். ஒரு நாள் இடிமழை வந்து சில நிமிடத்தில் வெப்பம் சடசடவென்று இறங்கியது. கோட் அதை நம்ப மறுத்து, நல்ல அளவைக் கீழே போட்டது. நிஜமான மாற்றத்துக்கு இடம் விட்டுத்தான் வடிகட்ட வேண்டும்.

சென்சார் தொங்கிய இடமும் தப்பு. பிற்பகல் வெயில் நேராக ஒயர் முனையில் பட்டது. அது அளந்தது காற்றின் வெப்பத்தை அல்ல, வெயிலில் காய்ந்த தன் உலோக மூடியின் வெப்பத்தை. வானிலை நிலையங்களில் வெள்ளை அடித்த, பக்கவாட்டில் சாய்வுப் பலகை வைத்த பெட்டி இருக்கும். தாமஸ் ஸ்டீவன்சன் என்ற கலங்கரை விளக்கப் பொறியாளர் பெயரில் வழங்கும் பெட்டி அது. காற்று உள்ளே புகும், வெயில் புகாது. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டல். நான் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் ஏழு வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்து, கவிழ்த்து, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, மூன்று மரைக்கம்பிகளில் அடுக்கினேன். மேல் இரண்டு தட்டை அப்படியே விட்டு, மற்றவற்றின் நடுவை வட்டமாக வெட்டிச் சென்சாரை உள்ளே தொங்கவிட்டேன். சுவரிலிருந்து தள்ளி மாட்டியதும் பிற்பகல் அளவு 2 டிகிரிக்கு மேல் இறங்கியது. இதுவரை அதிகபட்சம் என்று எழுதி வைத்த எல்லாவற்றையும் அழித்தேன். மனசு கேட்கவில்லைதான், ஆனால் வைத்திருந்து பயனில்லை.

எண்ணைத் திரையில் எழுதுவது

கணக்கு சரியான பிறகும் திரை ஒருமுறை 'இப்போது 32, அதிகபட்சம் 31' என்றது. இரண்டுக்கும் பின்னால் இருந்த எண் ஒன்றுதான், 31.6. ஓரிடத்தில் முழு எண்ணுக்கு நெருக்கியிருந்தேன், இன்னோரிடத்தில் தசமத்தை வெட்டியிருந்தேன். முழு எண்ணாக்கும் வேலையை ஒரே ஃபங்ஷனுக்குள் வைத்து, எல்லா இடத்திலும் அதையே அழைத்தால் இது வராது. ஃபாரன்ஹீட்டும் காட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 20.6 செல்சியஸை நேராக மாற்றினால் 69. முதலில் 21 ஆக்கிவிட்டு மாற்றினால் 70. மாற்றுவது முதலில், முழு எண்ணாக்குவது கடைசியில். குளிர்ப் பிரதேசம் ஒன்றின் முன்னறிவிப்பைக் கொடுத்துச் சோதித்தபோது 'மைனஸ் 0' என்று ஒரு எண் வந்தது. மைனஸ் 0.3ஐ தசமம் இல்லாமல் அச்சிட்டால் அப்படித்தான் வரும். அதற்குத் தனியாக ஒரு வரி எழுதினேன்.

தமிழில் எழுத விரும்பினேன். 'அதிகம்', 'குறைவு' என்று இரண்டே சொற்கள். திரைக்கான நூலகம் எழுத்துக் குறியீடுகளை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். யூனிகோடில் 'றை' என்பது முதலில் ற, பிறகு ஐகாரக் குறி. நாம் எழுதும்போது குறி முன்னால் வரும். 'கு', 'வு' இரண்டும் ஒட்டி வேறு வடிவம் எடுப்பவை. 'குறைவு' என்ற சொல் திரையில் சிதறிக் கிடந்ததைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கடைசியில் லேப்டாப்பில் நல்ல எழுத்துருவில் அந்தச் சொற்களை வரைந்து, கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி, படமாகவே ஒட்டினேன். டிகிரிக்கான குறிக்கு எழுத்துருவில் இடம் இல்லாததால் ஒரு குட்டி வட்டம் வரைகிறேன்.

அடுத்த ஐந்து நாட்களுக்கு எண்ணோடு ஒரு கோடும் வேண்டும் என்று தோன்றியது. ஐபோனின் வானிலைச் செயலியில் ஒவ்வொரு நாளுக்கும் இடப்பக்கம் தாழ்வு, வலப்பக்கம் உச்சம், நடுவில் ஒரு பட்டை, இன்றைய பட்டையில் இப்போதைய வெப்பத்துக்கு ஒரு புள்ளி இருக்கும். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் ஒவ்வொரு நாளுக்கும் தனி அளவுகோல் வைத்தேன், எல்லாப் பட்டையும் ஒரே நீளத்தில் வந்து எதையும் சொல்லவில்லை. ஐந்து நாளிலும் மிகக் குறைந்தது இடது ஓரம், மிகக் கூடியது வலது ஓரம் என்று பொது அளவுகோல் வைத்ததும், மேகமூட்டமான நாள் குட்டையாகவும் தெளிவான நாள் நீளமாகவும் கண்ணில் பட்டது.

இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதுகிறேன். முதலில் குறைவுக்கு எதிரே 'விடியல்' என்று நிரந்தரமாகப் போட்டிருந்தேன். அந்த இடிமழை நாளில் வெப்பம் 33இலிருந்து 23க்கு இறங்கியது, அன்றைய குறைந்தபட்சம் மாலை 4:40க்குப் பதிவானது. விடியல் என்று எழுதியது பொய்யாகிவிட்டது. இப்போது எண் எந்த நேரத்துக்கு உரியதோ அந்த நேரம்தான் வரும். நடந்து முடிந்ததற்குக் கெட்டியான எழுத்து, இனி வருவதற்கு மெல்லிய எழுத்து.

எப்போது எதைக் காட்டுவது என்பதை அம்மாவிடம் கேட்டே முடிவு செய்தேன். நண்பகல் வரை குறைவு என்பது இன்று விடியலில் போனது. நண்பகலுக்குப் பிறகு அது வரப்போகும் இரவினுடையது, 'இன்றிரவு' என்ற சொல்லோடு. அதிகபட்சத்தை மாலை ஆறு மணிக்கே நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நான் நினைத்தேன். "வேண்டாம்ப்பா, இன்னைக்கு எவ்வளவு அடிச்சுதுன்னு ராத்திரி படுக்கப் போறப்போ பார்த்துட்டுப் போவேன்" என்றார். அதனால் இரவு பத்து மணி வரை இன்றைய உச்சம் நிற்கிறது.

நேற்று இரவு திரையில் 'இன்றிரவு 24, காலை 5:30' என்று மெல்லிய எழுத்தில் இருந்தது. அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பதிவைப் பார்த்தேன். 24.3, மணி 6:10. டிகிரி கிட்டத்தட்ட வந்துவிட்டது, நாற்பது நிமிடம் பிந்தியிருக்கிறது. ஒரு மாதம் இதை எழுதி வைத்துப் பார்க்கப் போகிறேன்.